தொலைக்காட்சியில் அறிவியல் செய்தியாளராக, தொகுப்பாளராக: ஆவணங்கள், செலவு, காலக்கணக்கு

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் வேலை அறிவிப்புகளில் “அறிவியல் செய்தியாளர் தேவை” என்ற வரியைத் தேடிக்கொண்டிருந்தால் காலம்தான் வீணாகும். அரசியலுக்கும் குற்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சினிமாவுக்கும் தனித்தனி பீட், அதாவது ஒரு நிருபருக்கென ஒதுக்கிய செய்தித் துறை, உண்டு. அறிவியலுக்குப் பெரும்பாலான அலுவலகங்களில் கிடையாது. ஆனால், ராக்கெட் ஏவப்படும் நாளிலும் வங்கக் கடலில் புயல் திரளும் வாரத்திலும் பெயர் தெரியாத காய்ச்சல் பரவும் மாதத்திலும் அதே அலுவலகம், “இதை விளக்கிச் சொல்ல நம்மிடம் யார் இருக்கிறார்கள்?” என்று தேடும். அந்தக் கேள்வி எழும்போது எல்லோரும் கைகாட்டும் ஆளாக நீங்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். இந்தத் தொழிலுக்குள் நுழைய எனக்குத் தெரிந்த நம்பகமான வழி அது ஒன்றுதான்.

அறிவியல் பட்டத்துடன் சென்னைக்கு வந்து, யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் நெடுநாள் அலைந்த பிறகே இதில் பலவும் எனக்குப் புரிந்தன. அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் குறைய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழில் பணியாற்ற விரும்புபவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. எந்த வாசல் வழியாக நுழைவது என்று முடிவு செய்யுங்கள்

நடைமுறையில் மூன்று வாசல்கள் உள்ளன. முதலாவது, தனியார் செய்தித் தொலைக்காட்சியின் செய்தி மேசை. உதவி ஆசிரியராகவோ பயிற்சி நிருபராகவோ சேர்ந்து, ஓராண்டு எல்லா வகைச் செய்திகளையும் செய்துவிட்டு அறிவியல் பக்கம் நகர்வது இதன் வழி. இரண்டாவது, பொது ஒளிபரப்பு. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரிலிருந்து டிடி தமிழாக மாறிய தூர்தர்ஷனும் இப்போது ஆகாசவாணி எனப்படும் அகில இந்திய வானொலியும் நிரந்தரப் பணியிடங்களைத் தவிர, செய்தி வாசிப்பாளர், மொழிபெயர்ப்பாளர், அறிவிப்பாளர் என்று நாள்கணக்கில் அழைக்கும் பட்டியல்களையும் வைத்திருக்கின்றன. அவற்றுக்கு எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் உண்டு. அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மாதத்துக்குச் சில நாட்களே பணி கிடைக்கும் என்பதால், அதை வருமானமாக எண்ணாமல் பயிற்சியாக எண்ணிச் சேருங்கள். மூன்றாவது, கல்வி ஒளிபரப்பு. அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் உள்ள கல்வி ஊடக மையங்கள் பாடக் காணொளிகளைத் தயாரிக்கின்றன. அங்கே பரபரப்பு குறைவு, ஆனால் ஒரு கருத்தைக் காட்சியாக மாற்றும் வேலையை வேறெங்கும் அவ்வளவு நிதானமாகக் கற்றுக்கொள்ள முடியாது.

என்னைக் கேட்டால், முதல் வாசலைத்தான் சொல்வேன். மாலை 6 மணிச் செய்திக்கு 5.50-க்குப் பிரதி (திரையில் வாசிப்பதற்கான எழுத்து) கொடுக்கும் பழக்கம் வராதவருக்கு அறிவியல் பீட்டை யாரும் நம்பித் தரமாட்டார்கள்.

2. படிப்புக்கு எவ்வளவு செலவிடலாம்

அறிவியல் பட்டம் கட்டாயமில்லை. எனினும், ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பிரித்து, ஆய்வு எப்படி நடந்தது என்று சொல்லும் பகுதியையும் அட்டவணைகளையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இயற்பியலோ உயிரியலோ மருத்துவமோ படித்திருந்தால், இதழியலுக்கு ஓராண்டு முதுநிலைப் பட்டயம் போதும். தரமணியிலுள்ள ஆசிய இதழியல் கல்லூரி போன்ற தனியார் நிறுவனங்களில் கட்டணம் லட்சங்களில் இருக்கும். தங்கும் செலவு தனி. அரசுப் பல்கலைக்கழகத் துறைகளில் இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்கு அதில் ஒரு சிறு பங்கே ஆகும். மாறாக, ஏற்கெனவே இதழியல் படித்தவர் என்றால் இன்னொரு பட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அறிவியல் பாடநூல்களை முழுமையாகத் திரும்பப் படித்து, அடிப்படைப் புள்ளியியலில் ஒரு பாடத்தை முடித்தால் தொடங்கலாம்.

“இரண்டே வாரத்தில் தொகுப்பாளர் ஆகலாம்” என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லி முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கும் இடத்தில், அங்கே படித்து இப்போது திரையில் இருக்கும் மூவரின் பெயரைக் கேளுங்கள். பெயர் வராவிட்டால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

3. மூன்று நிமிட ஷோரீல் ஒன்றைத் தயாரியுங்கள்

ஷோரீல் என்பது உங்கள் திரைப் பணியின் மாதிரித் தொகுப்பு. தற்குறிப்பைவிட இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெரும்பாலும் முதல் முப்பது நொடிகளைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள் என்பதால், இசையும் பெயர் அசைவும் கொண்ட முன்னோட்டம் எதையும் வைக்காமல், உங்கள் முகமும் குரலும் நேரடியாக வரும்படி தொடங்குங்கள். அதில் மூன்று துண்டுகள் இருந்தால் போதும்: களத்தில் நின்று கேமராவைப் பார்த்துப் பேசும் ஒரு பிடிசி, விஞ்ஞானி ஒருவரின் பைட்டுடன் (பேட்டித் துண்டு) கூடிய ஒன்றரை நிமிடப் பேக்கேஜ் (குரலும் காட்சியும் சேர்த்துத் தொகுத்த செய்தி), வரைபடமோ பொருளோ கையில் வைத்துக்கொண்டு எழுதிவைக்காமல் விளக்கும் ஒரு பகுதி.

இதற்கு ஸ்டுடியோ வாடகை தேவையில்லை. கைப்பேசி, சட்டையில் மாட்டும் கம்பி மைக், ஒரு ட்ரைபாட் ஆகியவை போதும். கைப்பேசி ஏற்கெனவே இருந்தால் மற்றவை ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பணம் குறைவாக இருந்தால் விளக்கை விட்டுவிடுங்கள், மைக்கை விடாதீர்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள்கூட இரைச்சலான ஒலியைப் பொறுக்கமாட்டார்கள்.

பேக்கேஜுக்கு உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பொருளையே தேர்ந்தெடுங்கள். காரைக்குடிக்காரர் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையும், நீலகிரிக்காரர் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியையும், கொடைக்கானல்காரர் 1899-இல் அங்கே தொடங்கிய சூரிய ஆய்வகத்தையும் விட்டுவிட்டுக் கருந்துளையைப் பற்றி நாசாவின் படங்களை ஒட்டித் தருவதில் பயனில்லை. நீங்கள் நேரில் போய், ஒருவரிடம் கேள்வி கேட்டு, பதிலைச் சுருக்கினீர்களா என்பதையே ஆசிரியர் அதில் தேடுவார்.

பிரதி எழுதும்போது ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். விளக்கமாகப் பேசும் நடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தமிழ்ச் சொற்களே சரளமாக அடங்கும். ஒன்றரை நிமிடப் பேக்கேஜில் இருபது நொடி பைட் போனால், உங்களுக்குக் கிடைப்பது 110 அல்லது 120 சொற்கள். அதற்குள் ஒரு கருத்தைத்தான் சொல்ல முடியும்.

4. விண்ணப்பக் கோப்பு

தற்குறிப்பு ஒரு பக்கம், ஷோரீலின் இணைப்பு, பட்டச் சான்றிதழ்களின் நகல், ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கின் ரத்து செய்யப்பட்ட காசோலை, கடவுச்சீட்டு அளவுப் படங்கள், முன்பு வேலை பார்த்திருந்தால் விடுவிப்புக் கடிதமும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும். இவற்றை ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்களில் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்துடனும் ஓரிடத்தில் தந்தை பெயர் விரித்தும் இருந்தால், அதை இப்போதே சரிசெய்யுங்கள். பாதுகாப்பு மிகுந்த வளாகங்களுக்கு அனுமதி கேட்கும்போது பெயர்ப் பொருத்தமின்மை ஒன்றுக்காகவே வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். வெளிநாட்டுப் பயிலரங்குக்கு அழைப்பு வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

மனிதவளத் துறைக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். செய்தி ஆசிரியருக்கும், செய்திகளைத் திரட்டும் பொறுப்பிலுள்ள உள்ளீட்டு ஆசிரியருக்கும் தனியே அனுப்புங்கள். தேர்தல் காலத்தில் அனுப்பினால் யாரும் பார்க்கமாட்டார்கள். தேர்தல் முடிந்து நிகழ்ச்சி நிரலை மாற்றியமைக்கும் வாரங்களே பொருத்தமானவை. வானிலைச் செய்திகளுக்கு ஆள் தேவைப்படும் என்பதால், அக்டோபர் தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்டும் செப்டம்பரும் நல்ல மாதங்கள்.

5. கேமரா தேர்வு

பச்சையும் நுண்கோடுகளும் கொண்ட உடையைத் தவிருங்கள். பின்னணித் திரை பச்சையாக இருந்தால் உடலில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும், நுண்கோடுகள் திரையில் நடுங்கும். வாசிக்க வேண்டிய வரிகளைக் காட்டும் டெலிபிராம்ப்டர் சில அடி தூரத்தில் ஓடும் என்பதால் கண்ணாடி தேவைப்படுபவர்கள் கண்ணாடியுடனே போங்கள். அறிவியல் பட்டம் இருப்பது தெரிந்தால், வேண்டுமென்றே எண்கள் நிறைந்த பிரதியைத் தருவார்கள். எண்களைப் புரிந்துகொண்டு வாசிக்கிறீர்களா, எழுத்துக்கூட்டுகிறீர்களா என்பதைப் பார்க்கத்தான் அது.

உண்மையான சோதனை இயர்பீஸில் இருக்கிறது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டு அறையான பிசிஆரிலிருந்து “முப்பது நொடி இருக்கிறது”, “விருந்தினர் இணைப்பு போய்விட்டது” என்று காதுக்குள் குரல் வரும். முகம் மாறாமல் வாக்கியத்தை முடிக்க வேண்டும். வீட்டில் ஒரு காதில் வானொலிச் செய்தியை ஓடவிட்டு, அதே நேரத்தில் வேறொன்றை விளக்கிப் பேசிப் பழகினால் சில வாரங்களில் வசப்படும். வேலை உறுதியான பின், காதின் அச்செடுத்துச் செய்துதரும் சொந்த இயர்பீஸை வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவான இயர்பீஸ் நழுவும், சுகாதாரமும் இல்லை.

6. ஆண்டு நாட்காட்டியும் தடைநேரமும்

சேர்ந்துவிட்டீர்கள்; அரசியல் கூட்டத்துக்கும் விபத்துக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அறிவியலை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள உதவும் கருவி நாட்காட்டிதான்.

அக்டோபர் முதல் வாரத்தில் நோபல் பரிசுகள். திங்களன்று மருத்துவம், இந்திய நேரப்படி பிற்பகல் 3 மணியை ஒட்டி. செவ்வாயன்று இயற்பியலும் புதனன்று வேதியியலும் 3.15 மணியை ஒட்டி. முன்கூட்டியே பெயர் கசிவது அரிது. ஆகவே, துறைக்கு ஐந்து பேர் வீதம் வாய்ப்புள்ளவர்களின் ஆய்வைப் பற்றி நான்கு வரிக் குறிப்பு எழுதி வைத்தால், மாலைச் செய்திக்கு மற்றவர்கள் விக்கிப்பீடியாவைத் திறக்கும்போது உங்களிடம் பிரதி இருக்கும். அதே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அன்று பல ஆய்வகங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும், வழக்கமான அனுமதிச் சிக்கல் இல்லாமல் படம்பிடிக்க அதுவே நல்ல வாய்ப்பு. தொலைவில் இருப்பதையும் குறித்துவையுங்கள்: 2031 மே 21 அன்று வளையச் சூரிய கிரகணத்தின் பாதை கேரளம், தென்தமிழகம், இலங்கையின் வட பகுதி வழியாகச் செல்கிறது.

ஆய்விதழ்கள் வேறொரு நாட்காட்டியில் இயங்குகின்றன. நேச்சர், சயின்ஸ் போன்ற இதழ்கள் தங்கள் கட்டுரைகளைச் செய்தியாளர்களுக்குச் சில நாட்கள் முன்பே தந்து, குறித்த நேரம் வரை வெளியிடக் கூடாது என்று தடை விதிக்கின்றன. அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் நடத்தும் யுரேக்அலர்ட் தளத்திலும் நேச்சரின் செய்தியாளர் தளத்திலும் பதிவு செய்தால் இவை கிடைக்கும். பதிவு இலவசம். பணியிலிருக்கும் செய்தியாளர் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள் என்பதால், உங்கள் பெயருடன் வெளியான செய்திகளின் இணைப்புகளையும் ஆசிரியரின் கடிதத்தையும் ஆங்கிலத்தில் தயாராக வைத்திருங்கள். அலுவலக மின்னஞ்சலில் இருந்து விண்ணப்பிப்பது நல்லது.

நேரக் கணக்கில்தான் பலர் இடறுகிறார்கள். நேச்சரின் தடை புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணிக்கு விலகும். அது நமக்குக் குளிர்காலத்தில் இரவு 9.30, அங்கே கோடை நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில் இரவு 8.30. அதாவது ஜூலையில் இரவு 9 மணிச் செய்தியில் சொல்லக்கூடிய செய்தியை ஜனவரியில் அதே 9 மணிக்குச் சொன்னால் தடையை மீறியவர் ஆவீர்கள். சயின்ஸ் இதழுக்கு வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணி. நமக்குக் கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் வெள்ளி அதிகாலை 12.30. மீறினால் கட்டுரைகள் உங்களுக்கு முன்கூட்டியே கிடைப்பது நின்றுபோகலாம். திரையின் அடியில் ஓடும் டிக்கரில் ஒரு வரி வந்தாலும் மீறல்தான். ஆகவே, தடைநேரம் முடியும் வரை பிரதியை ரன்டவுனில் (செய்தி வரிசைப் பட்டியல்) ஏற்றாமல் உங்களிடமே வைத்திருங்கள்.

7. அனுமதிகள்: இங்கேதான் நாட்கள் கரையும்

ஸ்ரீஹரிகோட்டா சென்னையிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ.; சூலூர்பேட்டை வரை ரயிலில் போகலாம், ஆனால் கேமராவும் ட்ரைபாடும் இருப்பதால் வண்டிதான் சரிப்படும். ஏவுதலைப் பொதுமக்கள் காண்பதற்கான அரங்கு 2019 முதல் இயங்குகிறது; இணையத்தில் முன்பதிவு செய்து யாரும் போகலாம். அதை நம்பிப் பணிக்குப் போகாதீர்கள். ஊடக மையத்துக்குள் நுழைய அழைப்பு அறிவிப்பு வந்ததும் உங்கள் நிறுவனம் அதற்குப் பதிலளித்துப் பெயர்களை அனுப்ப வேண்டும். குழுவினர் ஒவ்வொருவரின் அடையாள அட்டை விவரம், கேமராவின் வரிசை எண், வண்டி எண், ஓட்டுநரின் பெயர் ஆகியவை கேட்கப்படும் என்று எண்ணித் தயாராகுங்கள். கடைசி நிமிடத்தில் வேறு ஓட்டுநரை அனுப்பும் வழக்கம் அலுவலகங்களில் உண்டு. அதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

ஏவுதல் தள்ளிப்போகும் என்றே திட்டமிடுங்கள். சந்திரயான்-2, 2019 ஜூலை 15 அதிகாலை கவுண்டவுனில் 56 நிமிடங்கள் எஞ்சியிருந்தபோது நிறுத்தப்பட்டு, ஜூலை 22-இல்தான் ஏவப்பட்டது. தங்கும் செலவையும் வண்டி வாடகையையும் கூடுதலாக ஒரு நாளுக்குச் சேர்த்தே, நிருபர்களைப் பணிக்கு அனுப்பும் அசைன்மென்ட் டெஸ்க்கிடம் கேளுங்கள். வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று என இரண்டு பிரதிகளுடன் போங்கள். 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜிஎஸ்எல்வி-எஃப்10-இல் நேர்ந்ததைப் போல கடுங்குளிர் திரவ எரிபொருளில் இயங்கும் மேல்நிலைக் கிரையோஜெனிக் கட்டத்தில் கோளாறு வரும்போது, மேலே கிளம்பிய ராக்கெட்டைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் பேச்சற்று நிற்கக் கூடாது. செயற்கைக்கோள் பிரிந்தது உறுதியாகும் வரை “வெற்றி” என்ற சொல் வாயில் வரவே வேண்டாம்.

கல்பாக்கம் அணுசக்தி வளாகத்துக்கான அனுமதி வாரக்கணக்கில் ஆகும், கிடைக்காமலும் போகலாம். எதைப் படம்பிடிப்பீர்கள், யாரிடம் பேசுவீர்கள், என்ன கேட்பீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது; அனுமதி பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் மையத்திடமிருந்து வர வேண்டும். இரவில் போய் விளக்குகளைப் போட்டுப் படம்பிடிக்க முடியாது என்பதால், கட்டடத்தைப் பகலிலும் வானத்தை இருளிலும் எடுக்கும்படி நேரம் கேளுங்கள். சரணாலயங்களில் படம்பிடிக்க வனத்துறையின் முன் அனுமதியும் கட்டணமும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதைக் கட்டாயமாக்குகிறது. ட்ரோன் 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதாக இருந்தால் பதிவெண் வேண்டும். தொழிலுக்காக அதை இயக்குபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும் முன்பே நகல் வாங்கிப் பாருங்கள்.

மருத்துவமனையில் நிர்வாகத்தின் அனுமதி மட்டும் போதாது, நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தனியாக வேண்டும். மனநலச் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவரது ஒப்புதலின்றி ஊடகத்தில் வெளியிடுவதை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 தடுக்கிறது. தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவங்கள் சில உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

வாய்மொழியாகக் கிடைக்காத தரவுகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான கெடு 30 நாள், பதில் மறுக்கப்பட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். நாளைய செய்திக்கு இது உதவாது. பருவமழைக்கான தகவல் வேண்டுமானால் ஜூலையிலேயே மனுப் போடுங்கள்.

8. நேரலையில் எண்களைக் காப்பாற்றுங்கள்

ஆங்கிலச் செய்திக்குறிப்பிலிருந்து மொழிபெயர்க்கும்போது ஒரு மில்லியன் பத்து லட்சம் என்பதும், ஒரு பில்லியன் நூறு கோடி என்பதும், ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி என்பதும் அவசரத்தில் புரண்டுவிடும். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு அட்டையில் எழுதி வையுங்கள்.

வானிலையில் அளவுகள் வரையறுக்கப்பட்டவை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30-க்கு முடிகிறது. “நேற்று பெய்தது” என்று நீங்கள் சொல்லும் எண்ணில் இன்று அதிகாலை மழையும் சேர்ந்திருக்கலாம். ஆகவே, “இன்று காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில்” என்று முழுதாகச் சொல்லுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை ஆகியவற்றை மழையின் அளவாகச் சொல்லாமல், எவ்வளவு தயாராக இருக்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பாக விளக்குங்கள். புயலாக வலுப்பெறுமா என்று தெரியாத தாழ்வு மண்டலத்துக்கு முந்திக்கொண்டு புயல் பெயரைச் சூட்டும் போட்டியில் உங்கள் அலுவலகமும் இறங்கலாம். பெயரை வானிலைத் துறை அறிவித்த பிறகே சொல்வேன் என்று நீங்கள் ஒருமுறை உறுதியாக நின்றுவிட்டால், அடுத்த முறை டெஸ்க்கே உங்களைக் கேட்டுவிட்டுத்தான் ஓடவிடும்.

மருத்துவ ஆய்வுகளில் “ஆபத்து 50 சதவீதம் கூடுகிறது” என்ற வரி வந்தால் அப்படியே வாசிக்காதீர்கள். பத்தாயிரம் பேரில் இருவருக்கு வந்தது மூவருக்கு வருவதும் 50 சதவீத உயர்வுதான். அடிப்படை எண்ணைக் கட்டுரையிலிருந்து தேடி எடுத்து, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலியில் நடந்த ஆய்வா மனிதரிலா, எத்தனை பேர், சக ஆய்வாளர்கள் சரிபார்த்ததா அதற்கு முன்பே வெளியிட்ட முன்பதிப்பா என்ற மூன்றும் முதல் முப்பது நொடிக்குள் வந்துவிட வேண்டும்.

விருந்தினர் பட்டியல் ஒன்றை நீங்களே தொகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் எது துறை, எது துறையில்லை, தமிழில் சரளமாகப் பேசுவாரா, இரவு 9 மணிக்கு எடுப்பாரா என்ற குறிப்புகள் அதில் இருக்கட்டும். கடலாய்வுக்குப் பள்ளிக்கரணை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப மையம், காசநோய்க்குச் சேத்துப்பட்டு ஆய்வு மையம், கணிதத்துக்கும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் தரமணி கணித அறிவியல் நிறுவனம் என்று சென்னையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் ஓய்வுபெற்ற ஒரே விஞ்ஞானியை அழைக்கும் பழக்கம் நம் ஊடகங்களில் ஊறிப்போனது. அரசு ஆய்வகத்தினர் பேசுவதற்கு மேலதிகாரியின் அனுமதி தேவைப்படலாம். செய்தி வெடித்த மணி நேரத்தில் அது கிடைக்காது. எனவே அறிமுகம் அமைதியான நாட்களிலேயே நடக்க வேண்டும்.

9. உங்கள் முகத்தை வாடகைக்கு விடாதீர்கள்

சற்றுப் பெயர் தெரிந்ததும் இது வரும். காலை நேரத்தில் காசு கொடுத்து ஒளிபரப்பப்படும் மருத்துவ நிகழ்ச்சிக்கு, “நீங்கள்தான் அறிவியல் ஆள் ஆயிற்றே” என்று தொகுப்பாளராக அழைப்பார்கள். ஒரு நாள் படப்பிடிப்புக்கு மாதச் சம்பளத்தில் பாதிகூடக் கிடைக்கும். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், 1954, நீரிழிவு, புற்றுநோய் உட்பட 54 நோய்களுக்குக் குணம் தருவதாக விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. அந்த நிகழ்ச்சியில் கேள்வி கேட்டவர் நீங்கள் என்றால், நாளை மருத்துவச் செய்தி சொல்ல நிற்கும்போது நம்புபவர் இருக்கமாட்டார். விளம்பரத் துறை உங்கள் மேலாளர் வழியாகவே அழுத்தம் தரலாம். எழுத்தில் மறுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரகண நாளில் உங்களுக்கும் ஜோதிடருக்கும் ஒரே மேசையில் இடம் போடுவார்கள். கேபிள் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சி நெறிகள் மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிகளைத் தடுக்கின்றன என்பதைச் சுட்டிக்காட்டலாம், ஆனால் சண்டையாக்குவதைவிட மாற்று ஒன்றைக் கையில் வைத்திருப்பது பலன் தரும். அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு நேரலையில் சூரியனின் பிறை வடிவப் பிம்பத்தைக் காட்டலாம் என்று படத்துடன் முன்கூட்டியே கொடுத்துப் பாருங்கள். நல்ல விஷுவல் கிடைத்தால் அந்த மேசையைப் போடும் எண்ணத்தை பெரும்பாலும் கைவிட்டுவிடுவார்கள்.

10. காட்சிகளின் உரிமை

நாசாவின் படங்கள் பொதுவாகப் பதிப்புரிமைக்கு உட்பட்டவை அல்ல. ஆனால் அதன் சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது, நாசா ஆதரிப்பதுபோலும் காட்டக் கூடாது. ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தின் படங்களைப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆய்விதழின் வரைபடங்களுக்கும் யூடியூப் காணொளிகளுக்கும் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. “நன்றி: இணையம்” என்று கீழே போடுவது உரிமை வாங்கியதாகாது. கிராபிக்ஸ் பிரிவில் ஒருவரை நட்பாக்கிக்கொண்டு, ராக்கெட்டின் கட்டங்கள், பூமி-நிலவுப் பாதை, புயலின் குறுக்குவெட்டு ஆகியவற்றை ஒருமுறை நன்றாக வரைந்து வைத்துவிட்டால் ஆண்டுதோறும் உதவும்.

11. ஒப்பந்தம், சம்பளம், வரி

தொடக்கச் சம்பளம், அதே பட்டத்துக்கு மென்பொருள் நிறுவனத்தில் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆறு மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேமிப்பு இல்லாமல் சென்னைக்கு வர வேண்டாம். கையெழுத்திடும் முன் நான்கைப் பாருங்கள்: தகுதிகாண் காலம், விலகல் அறிவிப்புக் காலம், இரவுப் பணிக்கு வண்டி, உங்கள் சொந்த யூடியூப் பக்கத்துக்கு அனுமதி. கடைசியில் சொன்னதுதான் இப்போது பலரை மாட்டிவிடுகிறது. ஊழியராக இருக்கும்போது நீங்கள் உருவாக்கியவற்றின் உரிமை, வேறாக ஒப்பந்தம் இல்லாதபோது, நிறுவனத்துக்கே உரியது. எனவே பழைய நிகழ்ச்சிகளை ஷோரீலில் பயன்படுத்தலாம் என்ற ஒரு வரியைச் சேர்த்துக் கேளுங்கள்.

பகுதிநேரமாக நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசினால், தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். அதைக் கழித்துக்கொள்ள ஆண்டுதோறும் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும்கூட. பிடித்த பணம் திரும்பக் கிடைக்கும். பணம் தருவதற்கான கெடுவை மின்னஞ்சலிலேயே உறுதிசெய்து கொள்ளுங்கள். ஒரு தயாரிப்பு நிறுவனம் எனக்குத் தர வேண்டியதை, நிகழ்ச்சி இரண்டு முறை மறுஒளிபரப்பான பிறகும் தராமல் இழுத்தது. கையில் எழுத்து இருந்ததால்தான் வந்தது.

12. அங்கீகார அட்டை, விருது, பயிற்சி

தமிழ்நாடு அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழங்கும் அங்கீகார அட்டைக்கு நிறுவனம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். எண்ணிக்கை வரம்பு இருப்பதால் புதியவர்களுக்கு உடனே வராது. மைய அரசின் அங்கீகாரத்துக்குப் பல ஆண்டு அனுபவம் வேண்டும். அதுவரை நிறுவன அடையாள அட்டையும் ஆசிரியரின் கடிதமும் பெரும்பாலான ஆய்வகங்களில் போதும்.

அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் காவ்லி அறிவியல் இதழியல் விருதுகள் பிற நாட்டுச் செய்தியாளர்களுக்கும் திறந்தவை. நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆங்கிலமல்லாத படைப்புக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனம் தரும் நைட் அறிவியல் இதழியல் நல்கை (ஃபெல்லோஷிப்) ஓராண்டுக் கல்விக் காலத்துக்கானது, சில ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு உரியது. இவ்விரண்டுக்கும் தேவைப்படுவது உங்கள் நல்ல நிகழ்ச்சிகளின் முழுப் பதிவு, ஒளிபரப்பான தேதி, ஆங்கிலப் பிரதி. தொலைக்காட்சி நிறுவனங்கள் பழைய பதிவுகளை அழித்துவிடும் அல்லது சர்வரில் தொலைத்துவிடும் என்பதால், அனுமதி பெற்று, ஒளிபரப்பான அந்த வாரமே உயர்தர நகலை வாங்கி, தேதியும் தலைப்பும் இட்டு, இரண்டு வன்தட்டுகளில் சேமித்துவிடுங்கள்.